செவலை என்ன சாப்பிட்டது?

நான் வேலை பார்த்த காலம் முழுக்க எங்கள் எடை அறையில் மின்விசிறி சுற்றியதில்லை. ஏ.சி. இருந்தது, ஆனால் எடை போடும்போது அதையும் அணைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைக்கூட ஓரமாகத் திருப்பி விட்டுக்கொண்டு, ஒரு கடுகின் எடைகூட வராத முடித்தூளை உளுந்தளவு டின் கப்பில் போட்டு, இடுக்கியால் மடித்து மடித்துச் சின்ன உருண்டையாக்க வேண்டும். தும்மினால் போச்சு. அரை நாள் வேலை காற்றில் பறந்துவிடும். நெற்றி வியர்வை தராசில் விழாமலிருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்ப்பவர்களுக்குக் கரும்பு வெட்டப் போகிறவள் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

போன மாதம் ஆய்வகத்தில் புது மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். ஓய்வு பெற்றவளை மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இளசுகள் சூழ்ந்துகொண்டு, "அக்கா, இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாத சாம்பிள் எது?" என்று கேட்டார்கள். புலிமுடி, யானைத் தந்தம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். "ஒரு நாட்டு நாயோட வால்முடி" என்றேன். சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மிருகம் என்ன சாப்பிட்டது என்பதை அதன் முடியிலிருந்தோ இறகிலிருந்தோ எலும்பிலிருந்தோ கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். கரிமத்தில் கொஞ்சம் கனமான அணுவும் உண்டு, லேசான அணுவும் உண்டு. நெல், மரம், செடிகொடி எல்லாம் அவற்றை ஒரு கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மக்காச்சோளம், கம்பு, சோளம், கரும்பு வேறு கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. தின்ற உயிரின் உடம்பிலும் அந்தக் கணக்கு வந்து ஏறிவிடும். நைட்ரஜனிலும் இதே மாதிரி உண்டு. செடியை விடச் செடி தின்ற ஆட்டில் அது கனக்கும், ஆட்டை விட ஆட்டைத் தின்ற நரியில் இன்னும் கனக்கும். முடி வளர வளர இந்தக் கணக்கு அதில் தங்கிக்கொண்டே போகும். மெஷின் அதை எரித்து, வரும் வாயுவை அளந்து சொல்லிவிடும்.

அரியலூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலைக்கு வந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் கொல்லை வேலைக்குப் போகாத முதல் பெண். வேலையில் சேர்ந்த அன்றைக்கு, இருப்பதிலேயே பளபளப்பான நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். எடை அறையில் கால் வைத்து, தராசுக்கு முன்னால் குனிந்ததுதான் தாமதம், பொடித்து வைத்திருந்த மான்முடி அத்தனையும் தாவி என் முந்தானையில் ஒட்டிக்கொண்டது. அழுகையே வந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த பெரியவர் கோபிக்கவில்லை. "பரவால்லம்மா, மானுக்கு உங்களப் புடிச்சுப்போச்சு. நாளைலேர்ந்து பருத்திப் புடவை கட்டிக்கிட்டு வாங்க" என்றார். அவர்தான் ஜமால் சார்.

சாருக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. பெரிய படிப்பு, வெளிநாட்டு அனுபவம், அத்தனையும் இருந்தும் கடைநிலை ஊழியரிலிருந்து எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். ரிசல்ட் நன்றாக வந்துவிட்டால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். சாருக்கு மட்டும் முகம் மாறிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வளாகத்தில் வேப்பமரம் வரைக்கும் நடந்துவிட்டு வருவார். வந்ததும் ஒரே கேள்விதான். "இது தப்பா இருந்தா, எங்க தப்பா இருக்கும்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரமாக வரும். நல்ல பிள்ளை பெற்றவளிடம் போய் இது உன் பிள்ளைதானா என்று கேட்கிற மாதிரி இருக்கும். நாள்பட நாள்பட, குழம்பில் உப்புப் பார்க்கும்போதுகூட அந்தக் கேள்வி என் மண்டையில் ஓட ஆரம்பித்துவிட்டது.

எத்தனையோ சாம்பிள் வந்தது. கரைவெட்டி ஏரியில் வரித்தலை வாத்து உதிர்த்த இறகை அளந்து, அது முளைத்தபோது அந்த வாத்து குடித்த தண்ணீர் நம் ஏரித் தண்ணீரே இல்லை, எங்கேயோ பனிமலைத் தண்ணீர் என்று பார்த்தோம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "வாத்துகூட ஊர் சுத்திப் பாத்துடுச்சு, நாமதான் திருச்சியத் தாண்டல" என்றார். மக்காச்சோளக் கொல்லையை அழிப்பது புள்ளிமானா இல்லையா என்று ஒரு சமயம் பெரிய சண்டை. மான் மக்காச்சோளத்தைத் தொடாது என்று சத்தியம் செய்தவர்களும் தோற்றார்கள், அழித்ததெல்லாம் மான்தான் என்றவர்களும் தோற்றார்கள். மான்முடியில் மக்காச்சோளம் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் எங்களைத் திட்டியது.

செவலை விவகாரம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு தை மாதத்தில்.

அப்போது பச்சைமலை அடிவாரத்தில் நரிகள் என்ன தின்கின்றன என்று ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தினேஷ் என்று ஒரு பையன் அதில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தான். கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். பாடாலூர்ப் பக்கம் ஹைவேயில் அடிபட்டுச் செத்த நரிகளின் முடியை எல்லாம் அவன்தான் சேகரித்து வைத்திருந்தான். அந்த நேரத்தில் வனவர் ஒருவர் சாருக்குப் போன் செய்தார். பூலாம்பாடிக்கு மேற்கே மலையோரத்து ஊர் ஒன்றில் கூட்டுக் கிடையிலிருந்து ஆட்டுக்குட்டிகள் மழைக்காலம் முழுக்கக் காணாமல் போய்க்கொண்டே இருந்தனவாம். சிலர் நரி என்கிறார்கள், விஷம் வைக்கிறேன் என்கிறார்கள். சிலர் கிடையிலேயே இருக்கும் ஒரு நாய் என்கிறார்கள். "நீங்க முடியப் பாத்துச் சொல்வீங்களாமே சார்" என்றார் வனவர்.

கிடை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுவடை முடிந்த கொல்லையில் ஆட்டு மந்தையை ராத்திரியில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு எரு. அடுத்த நாள் மந்தை பக்கத்துத் துண்டுக்கு நகரும். ஒருவர் மந்தை மட்டும் இருந்தால் எரு போதாது, நிலத்துக்காரச் சம்சாரி கூப்பிட மாட்டார். அதனால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே கிடையாகப் போடுவார்கள். கூட்டிலிருந்து ஒருவரை விலக்கிவிட்டால் அவர் ஆட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்க வேண்டியதுதான்.

அந்தக் கிடையில் இருந்த நாலு குடும்பத்தில் ஒன்று பூங்காவனத்துடையது. குடும்பம் என்றால் அவளும், அவள் ஆடுகளும், செவலை என்கிற பெட்டை நாயும்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளைப் பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும், பார்ப்பதற்கு மூத்தவளாகத் தெரிந்தாள். குட்டிகளை அதிகம் பறிகொடுத்தவர் பழனிச்சாமி. பூங்காவனத்துக்கு மாமன் முறை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஈன்ற குட்டி விடியும்போது இல்லையென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

"ரத்தம் இல்ல, எலும்பு இல்ல, சத்தமும் இல்ல" என்றார் அவர், நாங்கள் அந்த ஊருக்குப் போய் விசாரித்தபோது. "வெளி நாயி வந்தா எங்க நாயிங்க ஊரையே எழுப்பிடும். கொரைக்கலன்னா என்னா அர்த்தம்? உள்ளுக்குள்ளயே இருக்கறதுதான எடுத்துருக்கணும். எங்க நாயிங்க ரெண்டும் காஞ்சு கெடக்கு. இதப் பாருங்க, மினுமினுன்னு இருக்கு."

செவலை உண்மையிலேயே மினுமினுவென்றுதான் இருந்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததோ என்னவோ, பூங்காவனத்தின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"மாசி பொறந்ததும் கூடிப் பேசறோம். நாய முடிச்சுட்டு வந்தா கிடையில சேத்துக்கறோம். இல்லன்னா அது பாட்டுக்கு, அவ பாட்டுக்கு" என்றார் பழனிச்சாமி. மாசியில்தான் கொல்லை கொல்லையாகக் கிடை போடும் காலம் ஆரம்பிக்கும்; அதுவரை நாலு மந்தையும் ஊரோரம் ஒரே இடத்தில் அடைந்திருக்கும்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொன்னுச்சா இல்லியான்னு முடி சொல்லாதுங்க. மழைக்காலம் பூரா கறி தின்னு உடம்புல சேத்துச்சான்னா, அது சொல்லும்" என்றார். முடி சாப்பாட்டைச் சொல்லும் என்றதும் பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேழ்வரகுல நெய் வடியுதுங்கறீங்க. சரி, வடியட்டும் பாப்போம்" என்றார்.

மூன்று நாய்களிடமும் வாலின் அடியிலிருந்து நீள முடியாகப் பார்த்து எடுத்தோம். அங்குதான் முடி நீளம். மழைக்காலத்தில் வளர்ந்த பகுதி அதில் இருக்கும்.

முடியைக் கழுவுவதற்கே ஒரு பொறுமை வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்ப் பசை போகும் கரைப்பான், பிறகு மறுபடியும் தண்ணீர். கிடை நாயின் முடியில் புழுதி, ஆட்டு மூத்திரம், வேப்பெண்ணெய் என்று ஊரே ஒட்டியிருக்கும். வேர்ப்பக்கம் எது, நுனி எது என்று குழம்பாமல் நூலால் கட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் வேரில் இருப்பது இந்த மாதம், நுனியில் இருப்பது போன மாதங்கள். காய்ந்ததும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் ஒரு டின் கப். தட்டில் வரிசை மாறினால் கார்த்திகை மார்கழியாகிவிடும். அந்த வேலையில் நான் யாரையும் பக்கத்தில் விட மாட்டேன். பேசினால் எரிந்து விழுவேன். சார்கூட வாசலில் நின்று சைகையில்தான் பேசுவார்.

ரிசல்ட் வந்தது. பழனிச்சாமி சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

மற்ற இரண்டு நாய்களும் அரிசிச்சோறு தின்கிற நாய்கள். கரிமமும் அப்படித்தான் சொன்னது, நைட்ரஜனும் லேசாக இருந்தது. செவலையின் முடியில் நைட்ரஜன் எங்கேயோ மேலே இருந்தது. அந்த ஊர்க் கொல்லைகளில் தினேஷ் எடுத்து வந்திருந்த மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் ஒப்பிட்டால் இரண்டு படி மேலே. செடிக்கு மேல் ஆடு ஒரு படி, ஆட்டைத் தின்றது அடுத்த படி. கரிமமோ, சோளத்தட்டையும் புல்லும் மேய்ந்த ஆட்டின் கறியோடு பொருந்தித்தான் இருந்தது. தினேஷ் அன்றைக்கே தட்டச்சு செய்துவிட்டான். "மாமிசம் கணிசமான அளவில் உட்கொள்ளப்பட்டிருப்பதாகத் தெரிகிறது."

நாய் முடிந்தது, அல்லது பூங்காவனம் முடிந்தாள். நம் கையால் இப்படியா ஆக வேண்டும் என்று இருந்தது. சார் காகிதத்தைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் போனார். அன்றைக்கு மட்டும் அந்த நடை எனக்கு எரிச்சலாக இல்லை.

திரும்பி வந்து, "தம்பி, இது தப்பா இருந்தா எங்க தப்பா இருக்கும்?" என்றார்.

"சான்ஸே இல்ல சார். ரெண்டு தடவ ஓட்டிட்டோம்."

"மெஷின் தப்பு பண்ணாதுப்பா. நாம எத வச்சு ஒப்பிட்டோம்?"

"அந்த ஊர்ப் பயிர் சார்."

"அந்த ஊர்ப் பயிர் சரி. அந்த வூட்டு அடுப்புல என்ன வேகுது?"

தினேஷ் குறிப்பேட்டைப் புரட்டினான். அதை நாங்கள் எடுத்து வரவே இல்லை. ஊரில் விளைவதை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான் செய்துவந்தோம்.

மறுநாளே சாரும் நானும் தினேஷும் மறுபடியும் ஜீப்பில் போனோம். பூங்காவனம் ஓலைக் குடிசைக்கு முன்னால் அடுப்பு மூட்டிக் கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. ரிசல்ட் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள். சார் சட்டென்று, "ஒண்ணும் முடிவாகலம்மா, சந்தேகம் கேக்கத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"நாய்க்கு என்னம்மா போடுவீங்க?"

"நான் என்னாத்தத் திங்கறனோ அதான் சார். தனியா ஒல வைக்க முடியுமா? களி, கூழு. ஆட்டுப்பால் கொஞ்சம் ஊத்துவேன், குட்டி குடிச்சு மிஞ்சுனா."

"ரேஷன் அரிசி?"

"கார்டு மக வூட்டுல இருக்கு. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்கு இது போதும்."

"இந்தக் கம்பு கடையில வாங்குனதா?"

"கடையிலயா?" என்று சிரித்தாள். "இது கிடைக்கூலி சார். போன வருசம் கிடை போட்ட கொல்லையில வெளஞ்சது. நம்ம ஆட்டு எருவுல வெளஞ்சதுல நமக்கு ஒரு பங்கு. இப்பல்லாம் பழனி மாமாங்க காசா வாங்கிடறாங்க. நான் தானியமாத்தான் குடுன்னு கேப்பேன். காசு கையில நிக்காது, கம்பு பானையில நிக்கும்."

சார் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "மல்லிகாம்மா, கேட்டீங்களா?" என்றார். எனக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

தினேஷ் பயிர் எடுத்த கொல்லைகள் எல்லாம் யூரியா போட்டவை. யூரியா காற்றிலிருந்து செய்யும் சரக்கு, அதன் நைட்ரஜன் லேசு. ஆட்டு எரு அப்படி இல்லை. கிடை போட்ட நிலத்தில் விடியற்காலையில் மூக்கைத் துளைக்கிற நெடி அடிக்குமே, அந்த நெடியாகப் பறப்பது லேசான நைட்ரஜன். மண்ணில் தங்குவது கனமானது. அது கம்பில் ஏறும், கம்பிலிருந்து களியில் ஏறும், களி தின்ற நாயில் ஏறும். கறி தின்னாமலே கறி தின்ற மாதிரி மெஷினுக்குத் தெரியும். கம்பும் சோளமும் கரிமக் கணக்கில் ஒரே ஜாதி என்பதால் அதுவும் ஆட்டுக்கறி மாதிரியே காட்டிவிட்டது. மற்ற இரண்டு நாய்களுக்கும் கடை அரிசிச்சோறு. அதனால்தான் செவலை மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது.

"இது நெனப்புதான். அளந்தாத்தான் ஆச்சு" என்றார் சார். பானையிலிருந்து ஒரு பிடி கம்பு எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மா, இன்னொண்ணு. ஒங்க முடியில நாலஞ்சு குடுப்பீங்களா? நீங்களும் அதுவும் ஒரே சாப்பாடுன்னா ரெண்டு பேர் கணக்கும் ஒட்டி வரணும். விருப்பம் இல்லன்னா வேணாம்" என்றார்.

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாய்க்குச் சாட்சி நானா? எடுத்துக்குங்க, நரைச்சதா கறுத்ததா?" வந்தபோது என்னை மேடம் என்றவள், பின்கழுத்தில் நான் கத்தரி வைத்தபோது, "பாத்துக்கா, மொட்டையடிச்சுடாத" என்றாள்.

மாசிக்குள் முடித்தாக வேண்டும். வேறு எல்லா சாம்பிளையும் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கம்பு கனத்துத்தான் வந்தது, சார் நினைத்ததுபோலவே. கம்பிலிருந்து சரியாக ஒரு படி மேலே செவலை. இரண்டு படி இல்லை. கூழ் குடிக்கிற நாய்தான் அது. பூங்காவனத்தின் முடியும் வேர்ப்பக்கத்தில் செவலையின் கணக்கோடு ஒட்டி வந்தது.

ஆனால் வேரிலிருந்து நுனிப்பக்கம் போகப் போக, இரண்டும் பிரிந்தன. செவலையின் கணக்கு மழைக்காலம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. பூங்காவனத்தின் நைட்ரஜன் மார்கழியில் கொஞ்சம் ஏறி, கார்த்திகையிலும் ஐப்பசியிலும் நன்றாக மேலே போயிருந்தது. கரிமம் மாறவே இல்லை. சாப்பாடு மாறவில்லை, நைட்ரஜன் மட்டும் கனக்கிறது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். சாப்பாடு போதாத உடம்பு தன் சதையைத் தானே கரைத்துத் தின்னும். அப்போது இப்படித்தான் ஏறும்.

திரையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். பட்டினி எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. ஐப்பசி அடைமழையில் கொல்லை வேலை இல்லாதபோது என் அம்மா, "எனக்குப் பசிக்கல, நீங்க தின்னுங்க" என்று சொன்ன வீட்டில் வளர்ந்தவள் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தினேஷ் மெதுவாக, "சார், இதையும் ரிப்போர்ட்ல சேக்கவா? ரெண்டையும் பக்கத்துல போட்டா ரொம்ப நல்ல படமா வரும்" என்றான்.

"வேணாம் தம்பி" என்றார் சார். "காய்ச்சல்ல படுத்திருந்தாலும் இப்படி ஏறும். அதுவுமில்லாம, நாம அந்தம்மாகிட்ட முடி கேட்டது நாய்க்காக. அவங்க அடுப்பு எரிஞ்சுதா இல்லியான்னு ஊர்ல படிக்கறதுக்கு இல்ல."

மாசி பிறந்து கூடினார்கள். மந்தைக்குப் பக்கத்தில் வேலமரத்தடியில் நாலு குடும்பமும், வனவரும், சம்சாரிகள் சிலரும் இருந்தார்கள். பூங்காவனம் ஓரமாக நின்றாள். செவலையைக் கயிற்றில் கட்டிக் கையில் பிடித்திருந்தாள். அதற்குக் கயிறு பழக்கமில்லை போலிருக்கிறது, கழுத்தைச் சிலுப்பிக்கொண்டே இருந்தது.

சார் கம்பையும் எருவையும் யூரியாவையும் பற்றிச் சொன்னார். எல்லோருக்கும் சொல்கிற மாதிரி இல்லாமல் பழனிச்சாமியைப் பார்த்தே சொன்னார். "முதல்ல நாங்களும் நீங்க நெனச்ச மாதிரிதான் நெனச்சோங்க. எங்க கணக்குலதான் தப்பு இருந்துச்சு" என்றார். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். சார் எப்போதும் "நாங்க" என்றுதான் சொல்வார், தப்பு யாருடையதாக இருந்தாலும்.

பழனிச்சாமி திரும்பி மந்தையைப் பார்த்தார். எருவின் நெடி என்றதும் அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அந்த நெடியில் படுத்து எழுந்தவர். "அப்ப நரிதான்" என்றார் கடைசியில்.

"நாங்க பாத்த நரிங்க எலி, நண்டு, எலந்தப்பழம்னுதான் தின்னுருக்கு. ஆனா நாங்க பாத்தது ரோட்டுல அடிபட்டுச் செத்த கொஞ்ச நரிங்கதான். எல்லா நரிக்கும் நான் ஜாமீன் குடுக்க முடியாதுங்க. தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்லணும். இந்த நாய் தின்னல. அது தெரியும்."

பழனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பூங்காவனம், கயித்த அவுத்து வுடு. நாயி கழுத்த அறுத்துக்கப் போவுது" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

குட்டிகளைத் தின்றது எது என்று அடுத்த மழைக்காலத்தில் அவர்களே கண்டுபிடித்தார்களாம். மெயின் ரோட்டு ஓரத்தில் யாரோ கறிக்கோழிக் கழிவைக் கொட்டி வந்திருக்கிறார்கள். அதைத் தின்று பெருத்த நாய்க்கூட்டம் ஒன்று மழையில் கழிவு கிடைக்காதபோது மலையோரம் வந்திருக்கிறது. கிடை நாய்களுக்கு அவை மேய்ச்சலுக்குப் போகையில் ரோட்டோரம் பார்த்துப் பழகிய முகம், அதனால்தான் குரைக்கவில்லை. வனவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது கூட்டம் முடிந்த பிறகு நடந்தது.

ஜீப்பில் ஏறப் போகும்போது பூங்காவனம் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்த முகம். "செவலை முடியில கூழு இருந்துச்சுன்னாரு சாரு. என் முடியில என்னாக்கா இருந்துச்சு?" என்றாள்.

சார் சொன்னது ரிப்போர்ட்டுக்கு. முடிக்குச் சொந்தக்காரி கேட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டேன்.

"ஐப்பசி, கார்த்திகையில நீ சரியா சாப்புடல பூங்காவனம். அது சாப்புட்டிருக்கு."

கையை விட்டுவிட்டாள். மந்தைப் பக்கம் பார்த்தாள். கயிறு அவிழ்ந்த செவலை ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே போய்ப் படுத்திருந்தது. ஒரு குட்டி அதன் முதுகில் ஏறி நின்றது.

"புதுக் கூலி வர்ற வரைக்கும் பானையில கம்பு அடியில கெடந்துச்சு. ராவெல்லாம் கண்ணு முழிக்கறது அதுதானேக்கா" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, அது கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு வயிறு சரியில்லன்னுதான் அதுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லிடாத."